சிறையும் திறவுகோலும்: பனியன் முதல் கிருட்டிணபிள்ளை வரை

துன்பம் ஏன் வருகிறது என்பது மாந்தர் எழுப்பிய வினாக்களுள் மிகப் பழையது. விவிலியத்தில் அவ்வினாவை நேர்நின்று எழுப்பும் நூல் யோபு. மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த யோபுவைத் தேற்ற நண்பர் மூவர் வந்தனர். ஏழு நாள் அவர்கள் வாய் திறவாது அவனருகே தரையில் அமர்ந்திருந்தனர். அதன் பின்னரே, அவன் பட்ட துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கினர். நூலின் முடிவில் இறைவனின் சினம் காரணம் கற்பித்த நண்பர்மேல் செல்கிறது; தம்மோடு வழக்காடிய யோபுவே செம்மையாகப் பேசினான் என்று இறைவன் கூறுகிறார். ஆயினும் துன்பத்தின் காரணம் யோபுவுக்கு இறுதிவரை சொல்லப்படவில்லை.

விவிலிய நம்பிக்கை துன்பத்துக்குப் பொருள் தருகிறது என்று பலரும் கூறுவர். அப்பொருள் காரணம் அன்று என்பதை யோபு நூல் தெளிவாக்கிவிடுகிறது. அவ்வாறாயின் அது யாது? இவ்வினாவுக்கு நூலால் மட்டுமன்றி வாழ்க்கையாலும் விடை எழுதியவர்களுள் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ஜான் பனியன். அவ்விடையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. இவ்விருவரையும் இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்பில்லாச் சிறை

பனியன் 1628ஆம் ஆண்டு பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர்தோறும் சென்று பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பழுது நீக்கும் தொழிலாளி. மகனும் அத்தொழிலையே கைக்கொண்டார். பள்ளிக் கல்வி சிறிதே வாய்த்தது. 1644ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், ஒரு மாத இடைவெளியில் தாயையும் தங்கையையும் இழந்தார். அவ்வாண்டிலேயே உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படையிற் சேர்ந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் பணியாற்றினார்.

1649ஆம் ஆண்டளவில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அப்பெண்மணி சீதனமாகக் கொணர்ந்தவை இரண்டு பக்தி நூல்கள் என்பதும், உண்கலமும் கரண்டியும் கூடப் போதிய அளவு இல்லாத குடித்தனம் அது என்பதும் பனியனே எழுதியவை. 1650ஆம் ஆண்டு முதல் மகள் மேரி பிறந்தாள். அவள் பிறவியிலேயே பார்வையற்றவள்.

இதனை அடுத்த ஆண்டுகளில் பனியனைப் பற்றியது வறுமையினும் கொடிய ஒன்று. தாம் இறைவனால் கைவிடப்பட்டவர் என்னும் அச்சம் அவரை விடாது தொடர்ந்தது. ஒருவேளைக் கூழுக்காகத் தலைமகனுரிமையை விற்றுவிட்டுப் பின்னர்க் கண்ணீரோடு தேடியும் அதனைப் பெறாத ஏசாவின் வரலாறு, தம்மைப் பற்றியே எழுதப்பட்டது என அவர் நடுங்கினார். தாமும் கிறித்துவை விற்றுவிட்டதாக மனம் இடைவிடாது குற்றஞ்சாட்டியது. விவிலியத்தின் ஒரு வரி அவரைத் தூக்கியது, மறுவரி தள்ளியது. கிருபை போதும் எனப் பவுல் அடியாருக்கு இறைவன் அளித்த மறுமொழி நெஞ்சில் மீண்டும் மீண்டும் ஒலித்த பின்னரே அவர் சிறிது சிறிதாக அமைதியுற்றார். 1666ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூல் இப்போராட்டத்தை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்துள்ளது.

கால்கள் எங்கும் செல்லத்தக்க உரிமையோடிருந்த காலத்தில் அவர் உள்ளம் சிறைப்பட்டிருந்தது. பின்னர் உடல் சிறைப்பட்டபோது அவர் நடந்துகொண்ட முறையை விளங்கிக்கொள்ள இம்முன்வரலாறு இன்றியமையாதது.

கேட்கப்பட்ட வாக்கு

1658ஆம் ஆண்டு முதல் மனைவி மறைந்தார். நான்கு குழந்தைகளோடு நின்ற பனியனை மறு ஆண்டு மணந்தவர் எலிசபெத். 1660ஆம் ஆண்டு இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை ஏறியதும் நாட்டின் நிலை மாறிற்று. அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பாகக் கூடி வழிபடுவோரை ஒறுக்கும் பழைய சட்டம் மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் சாம்செல் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டில் பேசத் தொடங்கியபோது பனியன் கைதானார்.

பிடியாணை வந்திருப்பதை நண்பர்கள் முன்னரே தெரிவித்திருந்தனர். கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றும் கூறினர். பனியன் வெளியே சென்று சிறிது நேரம் வயலில் உலவினார்; சிந்தித்தார்; திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார். தாம் ஓடினால், புதிதாக நம்பிக்கை கொண்ட எளியோர் அஞ்சிப் பின்வாங்குவர் என்பது அவர் கூறிய காரணம்.

நடுவர்முன் நிறுத்தப்பட்டபோதும் விடுதலை எளிதாகவே இருந்தது. இனிப் பேசமாட்டார் என்று நண்பர் இருவர் பிணை எழுதிக் கொடுத்தாற் போதும். அத்தகைய பிணையைத் தாம் முறித்துவிடுவது உறுதி என்று பனியன் முன்னதாகவே கூறிவிட்டார். 1661ஆம் ஆண்டு சனவரியில் நடந்த விசாரணையில் மூன்று மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதன் பின்னும் அரசு திருச்சபைக்குச் செல்லவும் பேச்சை நிறுத்தவும் இசையாவிடில் நாடுகடத்தப்படுவார். இசைவின்றித் திரும்பினால் தூக்கு என்பது தீர்ப்பு. இன்று விடுதலை செய்தால் நாளையே மீண்டும் பேசுவேன் என்னும் பொருள்பட அவர் மறுமொழி கூறினார்.

நாடுகடத்தல் நடைபெறவில்லை. ஆயின் மூன்று மாதச் சிறை பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது. இடையே சிறிது காலம் வெளியே விடப்பட்டதைத் தவிர, 1672ஆம் ஆண்டு மன்னர் சமயச் சலுகை அறிவிக்கும்வரை அவர் பெட்போர்டுச் சிறையிலேயே இருந்தார். இப்பன்னிரண்டு ஆண்டுகளிலும் அந்தச் சிறைக்கதவு உள்ளிருந்து திறக்கத்தக்கதாகவே இருந்தது. அதற்குரிய விலை ஒரே ஒரு வாக்கு. அவ்வாக்கைக் கொடுக்காமையே அவருடைய சிறைவாழ்வு.

கன்றைப் பிரிந்த ஆக்கள்

சிறையில் பனியன் நூற்கயிறுகளின் நுனியில் உலோகப் பூண் கட்டி விற்றுக் குடும்பத்துக்குப் பொருள் அனுப்பினார். அது போதவில்லை. சமய வரலாறுகளில் உறுதி படைத்தவரின் பெருமை பேசப்படும் அளவிற்கு, அவ்வுறுதியின் சுமையைத் தாங்கியோர் பேசப்படுவதில்லை. இங்கு அதனைப் பேசியாக வேண்டும்.

கணவர் கைதானபோது எலிசபெத் கருவுற்றிருந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் பேறுவலி கண்டு, எட்டு நாள் துன்புற்றார், குழந்தை இறந்தது. 1661ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெட்போர்டுக்கு வந்த நீதிபதிகளிடம் அவர் விண்ணப்பத்தோடு நேரிற் சென்றார். நீதிபதிகளும் ஊர்ப் பெரியவர்களும் நிறைந்திருந்த விடுதி அறையில், எளிய குடும்பத்துப் பெண் ஒருவர் தனியே நின்று வழக்குரைத்த காட்சி அது. தம்மால் உழைத்துண்ண இயலாத நான்கு சிறு குழந்தைகள், அவர்களுள் ஒருத்தி பார்வையற்றவள், பிறர் அருளன்றி வேறு வாழ்வில்லை என்று அவர் முறையிட்டார். நீதிபதி மேத்யூ ஹேல் இரங்கினார். ஆயினும் சட்டத்தைக் கடந்து உதவ அவரால் இயலவில்லை. கணவர் பேசுவதை விட்டுவிடுவாரா என்று வினவப்பட்டபோது, பேச நாவுள்ளவரை விடத் துணியார் என்றே எலிசபெத் கூறினார். கணவரிடம் கேட்கப்பட்ட அதே வாக்கு மனைவியிடமும் கேட்கப்பட்டது. அவரும் அதனைக் கொடுக்கவில்லை. நான்கு குழந்தைகளுள் ஒன்றேனும் அவர் வயிற்றிற் பிறந்ததன்று என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அம்மறுமொழியின் எடை விளங்கும்.

பனியனும் இச்சுமையை அறியாதவரல்லர். மனைவி மக்களைப் பிரிந்திருப்பது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றது என்று அவர் எழுதினார். பார்வையற்ற மேரி பசியால் வாடுவாளே, குளிரில் நடுங்குவாளே என எண்ணியபோது நெஞ்சம் உடைந்தது. தம் வீட்டைத் தாமே இடித்து மனைவி மக்கள் தலைமேல் வீழ்த்துவதுபோல உணர்ந்தார். அந்நிலையில் அவர் நினைவுக்கு வந்தவை இரண்டு பசுக்கள்.

சாமுவேலின் முதல் நூலில் வரும் நிகழ்ச்சி அது. பெலிஸ்தர் தாம் கவர்ந்து சென்ற உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்ப முடிவு செய்கின்றனர். புதிய வண்டியில் பெட்டியை ஏற்றி, நுகத்தடி அறியாத இரண்டு கறவைப் பசுக்களைப் பூட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துவிடுகின்றனர். கன்றை நோக்கித் திரும்புவதே பசுவின் இயல்பு. அவையோ வலமும் இடமும் சாயாமல் நேர்வழியே செல்கின்றன. ஆனால் வழிநெடுகக் கதறிக்கொண்டே செல்கின்றன.

கன்றைப் பிரிந்த ஆவின் துயரைத் தமிழ்ப் பாடல்களில் பயின்றவர்க்கு இவ்வுவமையின் ஆழத்தை விளக்க வேண்டியதில்லை. பனியன் தம் துன்பத்துக்குக் காரணம் தேடி விவிலியத்தைப் புரட்டவில்லை. தம்மைப்போலக் கதறிக்கொண்டே நடந்த உயிர்களை அதில் கண்டார். செல்லும் வழி நேரானதாகையால் கதறல் தவறாகிவிடவில்லை. கதறல் எழுந்ததால் வழியும் மாறிவிடவில்லை. நம்பிக்கை என்பது வலியை உணராமை என்று கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும்.

பயன் கருதாத தொழுகை

சிறைவாழ்வின் தொடக்கத்தில் தூக்குமரம் தமக்கு உறுதி என்றே பனியன் எண்ணியிருந்தார். அவரை வருத்தியது சாவன்று. சாகும்போது முகம் வெளுத்து, முழங்கால் நடுங்கி, தாம் உரைத்த நற்செய்திக்கு இழுக்கு நேருமோ என்னும் அச்சமே. இறைவனிடமிருந்து ஆறுதல் வேண்டினார், ஆறுதல் வரவில்லை. உள்ளம் இருண்டே கிடந்தது.

அவ்விருளில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆறுதல் தருவதும் தராமையும் இறைவன் விருப்பம். ஆறுதல் வந்தாலும் வாராதொழிந்தாலும் தாம் விலகுவதில்லை. தூக்குமர ஏணியிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு குதிப்பதுபோல மறுமைக்குள் குதிப்பது. இறைவன் ஏந்தினால் ஏந்தட்டும், ஏந்தாவிடினும் அவர் பெயருக்காகத் துணிவது. இம்முடிவுக்கு வந்ததும், யோபு பயன் கருதாமலா இறைவனைத் தொழுகிறான் என்று சாத்தான் எழுப்பிய வினா அவர் நினைவில் எழுந்தது. அவ்வினாவுக்கு மறுமொழி கூறும் வாய்ப்பு தமக்கும் வாய்த்தது என அவர் மகிழ்ந்தார்.

துன்பத்தின் பொருள் பற்றிய தேடலில் இது ஒரு திருப்பம். துன்பப்படுவோன் வினவுபவனாக மட்டும் நிற்கவில்லை. தன்னை நோக்கி எழுந்த வினா ஒன்றுக்கு அவன் தன் வாழ்வால் விடை தருகிறான். தனக்கு நேர்ந்தது ஏன் என்பது விளங்காத போதும், நேர்ந்ததன் நடுவே யாருக்கு உண்மையாக இருப்பது என்பது அவன் கையில் இருக்கிறது.

மடியிலிருந்த திறவுகோல்

பனியனின் 'மோட்சப் பயணம்' சிறையிலேயே தொடங்கப்பெற்றது என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்து. 1678ஆம் ஆண்டு அதன் முதற்பாகம் வெளிவந்தது. அழியவிருக்கும் நகரை விட்டு, முதுகில் சுமையோடு, வானகரை நோக்கிப் புறப்படும் கிறித்தியான் என்பவனின் பயணமே கதை. அந்நூலின் உயிர்நிலையான பகுதிகளுள் ஒன்று ஐயக் கோட்டை.

கரடுமுரடான வழியில் நடந்து கால் நொந்த கிறித்தியானும் தோழன் நம்பிக்கையும், பக்கத்தே மென்மையாகத் தோன்றிய புல்வெளிப் பாதையில் இறங்கிவிடுகின்றனர். நிராசை என்னும் அரக்கன் அவர்களைப் பிடித்துத் தன் கோட்டையின் இருட்டறையில் அடைக்கிறான். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவில்லை, நீரில்லை, ஒளியில்லை. தடியால் அடிக்கிறான். பின்னர், இனி மீட்சியில்லை, கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று அறிவுரை கூறுகிறான். கிறித்தியான் அதற்கு இசையும் நிலைக்கு வந்துவிடுகிறான். தோழன் பேசிப் பேசியே அவனைத் தடுத்து வைக்கிறான்.

சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் வேண்டுதல் செய்யத் தொடங்குகின்றனர். விடிவதற்குச் சற்று முன் கிறித்தியான் திடுக்கிட்டுத் தன்னையே கடிந்துகொள்கிறான். இக்கோட்டையின் எப்பூட்டையும் திறக்கவல்ல திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததை அப்போதுதான் உணர்கிறான். அதன் பெயர் வாக்குத்தத்தம். முதற்கதவும் இரண்டாம் கதவும் எளிதில் திறக்கின்றன. வெளிப்புற இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகக் கடினமாகத் திரும்புகிறது, ஆயினும் திறக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பனியன் சொல்லவில்லை. கிறித்துவின் உயிர்ப்பு நாளை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

இங்கு இரண்டு வாக்குகள் எதிரெதிரே நிற்பதைக் காணலாம். பெட்போர்டுச் சிறையைத் திறக்க அரசு கேட்டது மனிதன் கொடுக்கும் வாக்கு. ஐயக் கோட்டையைத் திறந்தது இறைவன் கொடுத்த வாக்கு. முன்னதைக் கொடுத்திருந்தால் பனியன் வீடு சென்றிருப்பார். ஆனால் எல்ஸ்டோவில் தம்மை அலைக்கழித்த இரும்பில்லாச் சிறைக்கே மீண்டிருப்பார். பின்னதைப் பற்றிக்கொண்டிருந்தமையால் இரும்புக் கதவுக்குள்ளும் அவரால் எழுத முடிந்தது. வாக்கு என்னும் ஒரே சொல் பேச்சையும் உறுதிமொழியையும் சேர்த்துச் சுட்டும் தமிழில், ஆங்கிலத்தைவிட இம்முரண் தெளிவாகத் துலங்குகிறது.

கம்பன் வழியில் ஒரு பயணி

பனியனின் கதையைத் தமிழில் காப்பியமாக்கிய கிருட்டிணபிள்ளை 1827ஆம் ஆண்டு நெல்லையை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் ஒலித்த வீடு அது. 1853ஆம் ஆண்டு சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். அங்கே கிறித்தவத்தோடு ஏற்பட்ட பழக்கம் நாளடைவில் நம்பிக்கையாக மாறிற்று. 1858ஆம் ஆண்டு சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அந்நாளில் அத்தகைய முடிவு உற்றாரின் கண்ணீரையும் விலக்கத்தையும் உடன்கொணர்வது. மனைவி மக்கள் அழைக்கவும் செவியைப் பொத்திக்கொண்டு ஓடும் கிறித்தியானின் காட்சி, அவருக்கு வெறுங்கதையாக இருந்திருக்க இயலாது.

'இரட்சணிய யாத்திரிகம்' 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுப்பும் 3766 பாடல்களும் உடையது. பனியனின் உரைநடை இங்கு விருத்தமாகிறது; இடையிடையே தேவாரப் பண்பமைந்த பதிகங்களும் இடம்பெறுகின்றன. ஒரு வாக்கின் பொருட்டுக் காடேகிய இராமனின் கதையில் திளைத்த தமிழ்ச் செவிகளுக்கு, வாக்கைக் காக்கத் துன்பத்தை ஏற்கும் பயணி அயலவன் அல்லன். ஆரணியம் என்னும் பருவப் பெயரே கம்பனை நினைவூட்டுகிறது.

எனினும் கிருட்டிணபிள்ளை செய்த பெரிய மாற்றம் யாப்பில் இல்லை. பனியன் நூலில் சிலுவை வழியோரத்தில் ஓர் அடையாளமாக நிற்கிறது. அதன் முன் வந்ததும் கிறித்தியானின் முதுகுச் சுமை தானே கழன்று விழுகிறது. அச்சிலுவையில் நிகழ்ந்ததைப் பனியன் விரித்துரைக்கவில்லை. கிருட்டிணபிள்ளையோ குமார பருவத்தில் கிறித்துவின் கைது, விசாரணை, பாடு, சாவு ஆகியவற்றை விரிவாகப் பாடுகிறார். மூலத்தில் இல்லாத இப்பகுதி காப்பியத்தின் இதயமாகிவிடுகிறது.

அங்கே வரும் ஓர் எண்ணம் இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. கிறித்துவைக் கயிற்றால் பிணிக்கின்றனர். அவரும் உடன்பட்டு நிற்கிறார். அக்கயிற்றை அறுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லாமல் இல்லை. தம்மைப் பகைத்தவர்மேலும் உருகி நின்ற அன்பே அவரைக் கட்டியதென்று கவிஞர் கூறுகிறார். பாசம் என்னும் தமிழ்ச்சொல் கயிற்றையும் அன்பையும் ஒருங்கே குறிக்கும் நயம் இங்கு அணியழகாக நில்லாமல் இறையியலாகிறது.

பெட்போர்டில் திறக்கத்தக்க கதவுக்குள் இருந்த மனிதரையும், அறுக்கத்தக்க கயிற்றுக்குள் நின்ற கிறித்துவையும் அருகருகே வைத்துக் காண்க. பனியன் தம் சிறையைப் பற்றி எழுதாமல் விட்டதைக் கிருட்டிணபிள்ளை கண்டெடுத்து உரிய இடத்தில் வைத்தார் எனலாம். பயணி நடக்கும் துன்பவழி, அவனுக்கு முன்னரே அவன் தலைவன் நடந்த வழி. விவிலிய நம்பிக்கை துன்பத்துக்குத் தரும் பொருள் இதுவே: காரணத்தை அறியாமலும் நடக்கலாம், துணையின்றி நடக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கைத் தூண்

இப்பொருளைப் பிறர்மேல் ஏவுதல் தகாது. துன்புறுவோரிடம் சென்று துன்பம் நன்மைக்கே என்று கூறுவது யோபுவின் நண்பர் செய்த பிழை. பனியன் தம் துன்பத்துக்குக் கண்ட பொருள் அவர் தாமே கண்டது. எலிசபெத்துக்கு வழங்கிய அறிவுரை அன்று. எலிசபெத் இழந்த குழந்தைக்கு எந்நூலும் பொருள் கூறவில்லை. பசித்த மேரிக்குத் தேவையாயிருந்தது உணவு. உதவிய பெட்போர்டு மக்கள் அதை அறிந்திருந்தனர். நீக்கத்தக்க துன்பத்தை நீக்குவதே முதற்கடன். நீக்கவொண்ணாததன் நடுவே நடக்கும்போதுதான் பொருள் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு. எல்லாவற்றுக்கும் முன், நண்பர்கள் காத்த அந்த ஏழு நாள் மௌனத்துக்கு இடமுண்டு.

ஐயக் கோட்டையிலிருந்து தப்பிய இருவரும் உடனே வழியைத் தொடர்ந்து ஓடிவிடவில்லை. தாம் வழிதவறிய இடத்துக்கு வந்து, பின்வருவோர் அரக்கன் கையில் சிக்காதிருக்க ஒரு தூணை நிறுத்தி, அதில் எச்சரிக்கை எழுதிவைத்த பின்னரே செல்கின்றனர். அதைப் படித்துப் பலர் தப்பினர் என்கிறது கதை. பனியன் 1688ஆம் ஆண்டிலும் கிருட்டிணபிள்ளை 1900ஆம் ஆண்டிலும் மறைந்தனர். ஒருவர் உரைநடையிலும் ஒருவர் விருத்தத்திலும் நிறுத்திய தூண்கள் இன்றும் நிற்கின்றன. துன்பத்தினின்று மீண்டவர் எழுதுவது எதற்காக என்னும் வினாவுக்கு, கவிஞர்கள் அத்தூணினடியில் விடை காணலாம்.